என் வலது கையில் ஜொங்மான்

அக்டோபர் 11

பேருந்து ஜன்னல் வழியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். மருந்துக் கடை. சைக்கிள் கடை. முடி வெட்டும் கடை. அது முடி வெட்டும் கடை என்று எனக்கு முப்பது வருடமாகத் தெரியும், அங்கேதான் வெட்டிக்கொள்கிறேன். ஆனாலும் பலகையே வாய் திறந்து சொல்வது வேறு.

சத்தமாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. என் மனைவி ஒக்பூன் தொடையில் கிள்ளினாள். "ஏங்க, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. ஊர்ப் பலகையெல்லாம் நீங்க எழுதி மாட்டினதா?"

இத்தனை காலம் இவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். கரன்ட் பில், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம். எழுபத்தேழு வயதில் இப்போது நானே. தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார் முதியோர் எழுத்து வகுப்பு ஆசிரியை. இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும்.

அக்டோபர் 14

சுகாதார நிலையத்து நர்ஸ் யோம் இன்று எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்தாள். எங்கள் என்றால் கொமுன்கோல் சுரங்கத்தில் கரி வெட்டி, நெஞ்சில் தூசு தங்கிப்போனவர்கள். கைக்கடிகாரம் மாதிரி இருக்கிறது. ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன், எத்தனை மூச்சு, எவ்வளவு நடை, எல்லாம் அதற்குத் தெரியுமாம். போன் வழியாக நர்ஸின் மேஜைக்கே போய்விடுமாம். ஆக்ஸிஜன் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் பச்சை. கீழே இறங்கினால் சிவந்துபோய்க் கீச்சென்று கத்தும்.

என்னோடு ஒரே குழியில் வெட்டிய ஜொங்மான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "டேய் தல்ஹோ, இது எலிடா!"

கிழவர்கள் அத்தனை பேரும் சிரித்தோம். இருமினோம். நர்ஸுக்குப் புரியவில்லை. நான்தான் சொன்னேன். குழிக்குள் எலியை நாங்கள் அடிப்பதில்லை. சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு பிடி சோறு அதற்கும் உண்டு. வாயு வந்தாலும் கூரை இறங்கினாலும் அதற்குத்தான் முதலில் தெரியும். அது ஓடினால் நாங்களும் ஓடுவோம்.

நர்ஸ் கேட்டுக்கொண்டாள். "அப்ப எலிக்கு ஒழுங்கா சோறு போடுங்க தாத்தா. தினமும் சார்ஜ்ல வைக்கணும்."

கெட்டிக்காரி.

அக்டோபர் 20

நர்ஸ் அனுப்பும் சேதிகள் போனில் எழுத்தாக வருகின்றன. ஜொங்மானுக்குப் படிக்கத் தெரியாது. வகுப்புக்கு வாடா என்று வசந்த காலத்திலேயே கூப்பிட்டேன். "எழுத்து தெரிஞ்சு இனிமே எந்தக் கரிய வெட்டப்போறேன்? பொம்பளைங்க நடுவுல உக்காந்து நீயே பாடு" என்றுவிட்டான். அவன் மனைவி போய் ஆறு வருடம். மகள் ஹேஜு ஆன்சான் நகரத்தில்.

அதனால் அவன் சேதியையும் நானே படிக்கிறேன். இன்று அவன் குடும்பப் பெயரும் சேர்த்து வந்தது: "தாக் ஜொங்மான் தாத்தா, காலை மருந்தை உறிஞ்சினீர்களா?"

"உறிஞ்சிட்டேன்னு போடு."

"உறிஞ்சினியா?"

"நீ என்ன நர்ஸா? போடு."

உறிஞ்ச வைத்துவிட்டுத்தான் போட்டேன். இன்னொரு மனிதனுக்கு வந்த சேதியை நான் படித்துச் சொல்கிறேன்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 29

முதல் உறைபனி. முள்ளங்கி முழுவதையும் பிடுங்கிவிட்டோம். ஒக்பூன் என்ற பெயரைத் திருத்தமாக எழுதி அவளிடம் காட்டினேன். "இதுக்கு அம்பது வருஷமா?" என்றாள். தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்ததைப் பார்த்தேன்.

நவம்பர் 4

ஜொங்மானின் எலி இரண்டு நாளாகக் கத்துகிறது. எண்பத்தெட்டு, எண்பத்தேழு. நர்ஸ் யோம் நேரில் வந்து முதுகில் குழாய் வைத்துக் கேட்டாள். புது மாத்திரை கொடுத்தாள். "ரெண்டு நாள் பாப்பேன். ஏறலைன்னா கீழே ஆஸ்பத்திரிதான். அழுது அடம் பிடிச்சாலும் விடமாட்டேன்."

அவள் போனதும் ஜொங்மான் ஜன்னல் வழியே கீழே இறங்கும் ரோட்டைப் பார்த்தான். போன குளிர்காலத்தில் எங்கள் மலைச் சரிவிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு இறங்கிய யாரும் திரும்பி மேலே ஏறவில்லை. அவனுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று. ஒன்பதாம் தேதி குளிர்காலத்துக்கான கோஸ் ஊறுகாய், கிம்ச்சி, போட ஹேஜு வருகிறாள். அப்பா ஆஸ்பத்திரியில் என்று தெரிந்தால் வீட்டைப் பூட்டி, சாவியையும் அவனையும் ஆன்சானுக்குக் கொண்டு போய்விடுவாள்.

"பதினாலாவது மாடிடா. ஜன்னலத் திறந்தா எதிர்ல இன்னொரு ஜன்னல். அங்க உக்காந்து என்ன பண்ணுவேன்?" பட்டையைக் கழற்றி என் மடியில் வைத்தான். "வில்லைய மாட்டு தல்ஹோ. கிம்ச்சி முடியட்டும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரி சொன்னாலும் போறேன்."

வில்லையை மாட்டு. அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருடம்! சுரங்க வாயில் ஒரு பலகை இருக்கும். இறங்கும்போது அவரவர் எண் பொறித்த பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் கூட வேலை செய்பவன் அவன் வில்லையையும் சேர்த்து மாட்டுவான், அவன் பங்குக் கரியையும் சேர்த்து வெட்டுவான். யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். இவன் எனக்கு மாட்டியிருக்கிறான். நான் இவனுக்கு.

எனக்கு நெஞ்சில் தூசு கொஞ்சம்தான். என் எண் எப்போதும் தொண்ணூற்றைந்துக்குப் பக்கம்.

வலது கையில் கட்டிக்கொண்டேன். இடது கையில் என்னுடையது.

நவம்பர் 6

இன்று வந்த சேதியை அப்படியே எழுதி வைக்கிறேன். "தாக் ஜொங்மான் தாத்தா, தொண்ணூற்றைந்து! மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. நேற்று மூவாயிரம் அடி நடந்திருக்கிறீர்கள். சபாஷ்!"

ஜொங்மானுக்கு முன்னால் நின்று, குரலை உயர்த்தி, வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி படித்தேன்.

"மூவாயிரம் அடியா? டேய், கக்கூஸுக்குப் போறதுக்குள்ள மூணு தடவை சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்டா!" சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்க நேரமாயிற்று. கண்ணில் தண்ணீரோடு மறுபடி சிரித்தான். "இன்னொரு தடவை படி. அந்த சபாஷ் வரைக்கும்."

படித்தேன்.

ஒக்பூன் என் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டாள். "ரெண்டு கையிலும் வளையல் மாட்டிக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போறீங்க?" சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "மூச்சு வாங்குறது அவருக்கு. பட்டை உங்க கையிலயா?"

"உனக்குச் சுரங்கத்து நியாயம் தெரியாது" என்றேன்.

அவள் சமையலறைக்குப் போனாள். முள்ளங்கி நறுக்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

நவம்பர் 7

பனி. இன்று நர்ஸ் வீடு வீடாக வரும் நாள். போன் செய்தாள்: "ரோடு மோசமா இருக்கு தாத்தா. உங்க ரெண்டு பேருக்கும் எண் நல்லா இருக்கு. அதனால முதல்ல மலைமேல் வீடுகளுக்குப் போறேன். உங்க பக்கம் அடுத்த வாரம்."

ஜொங்மானிடம் சொன்னேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

நவம்பர் 9

கிம்ச்சி போட்டு முடித்தோம். கைவிரல் மிளகாயில் எரிகிறது, எழுத்து கோணுகிறது. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

ஜொங்மான் வீட்டு முற்றத்தில்தான். உப்பில் ஊறிய கோஸ் மலைபோல் குவிந்திருந்தது. சரிவுப் பெண்கள் எல்லோரும் இளஞ்சிவப்புக் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, இலை இலையாக விரித்து மிளகாய் விழுது தடவினார்கள். ஹேஜுதான் எல்லோருக்கும் தலைவி. ஜொங்மானைக் கம்பளியில் சுற்றிச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். அங்கிருந்தே உப்பு போதாது, பூண்டு போதாது என்று அதிகாரம்.

"அப்பா, வாயத் தெறங்க." ஹேஜு ஒரு கோஸ் இலையில் வேகவைத்த பன்றிக்கறியும் விழுதும் வைத்துச் சுருட்டி அவன் வாயில் திணித்தாள். உதடு, மோவாய் எல்லாம் சிவப்பு. அவள் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பெரியப்பா, அப்பா முகத்துல நல்லா நிறம் ஏறியிருக்கு, பாத்தீங்களா?"

பார்த்தேன். மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்குவதையும் பார்த்தேன். அவன் மெல்லவேயில்லை. இலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பட்டை எங்கப்பா?"

"சார்ஜ்ல."

"நர்ஸ்கிட்ட போன்ல கேட்டேன். எண் நல்லா இருக்காம். சரி, இந்தக் குளிர்காலம் இங்கயே இருங்க. வசந்தத்துல பேசிக்கலாம்."

ஜொங்மான் ஜெயித்துவிட்டான். என் வலது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன்.

நவம்பர் 10

ஹேஜு மதியம் கிளம்பினாள். பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவன் வாங்கவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் வச்சிரு. இப்ப கத்துச்சுன்னா பாதி வழியில வண்டியத் திருப்பிடுவா." முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தினான்.

நான் அதைக் கேட்டேன். நிறுத்தியதைக் கேட்டேன். மறுபடி கட்டிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 11

காலையில் போனேன் கதவு திறந்துதான் இருந்தது சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறான் முட்டி மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தலை தொங்கி. உதடு கரி. மிளகாய்ச் சிவப்பு இல்லை இன்றைக்கு. கரி. டேய் டேய் என்றேன். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

பட்டையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? அவன் முகத்தைப் பார்க்க வேண்டியவன் என் கையைப் பார்க்கிறேன். தாக் ஜொங்மான், தொண்ணூற்று நான்கு, பச்சை.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவன் அவன் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்து ஒரு எண் சொன்னான். அந்த எண்ணை நான் எழுத மாட்டேன்.

என்னடா பண்ணிட்டேன்.

நவம்பர் 13

நர்ஸ் யோமிடம் சொன்னேன். சுகாதார நிலையத்துக்குப் போய், அவள் மேஜைக்கு முன்னால் நின்று, பட்டையை வைத்து, வில்லை முதல் எல்லாம் சொன்னேன்.

பட்டையைக் கையில் எடுத்தாள். "என் திரையில அவர் பேர் பச்சையா இருந்துச்சு தாத்தா. பச்சையா இருந்ததாலதான் நான் மலைமேல் போனேன்."

"திட்டிடும்மா."

"திட்ட மாட்டேன். திட்டினா உங்களுக்கு லேசாயிடும்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஒரு பலகையையும் படிக்கவில்லை.

நான் வில்லை என்று நினைத்துக் கட்டிக்கொண்டேன். அது எலி. பெயர் வைத்தவனே அவன்தானே! வாயு நிற்கிற குழியில் ஆளை விட்டுவிட்டு எலியை மட்டும் தூக்கிக்கொண்டு மேலே வந்தவன் எங்கள் சுரங்கத்தில் ஒருவனும் இல்லை. நான்தான் முதல். அதிலும் அவன் முன்னால் நின்று சபாஷ் என்று வேறு படித்தேன். படிக்கக் கற்றது இதற்குத்தானா?

நவம்பர் 16

ஒக்பூன் தினமும் ஜொங்மான் வீட்டுக்குப் போய் வருகிறாள். கிம்ச்சி ஜாடியைப் பார்க்க என்று நினைத்தேன். இன்று பின்னால் போனேன். வாசலில் இருக்கும் அவன் செருப்பை, முனை வீட்டுக்குள் பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் குழிக்குள் இருந்த நாட்களில் வீட்டில் இருக்கும் செருப்பை எல்லா மனைவிமாரும் அப்படித்தான் வைப்பார்கள். போன கால் உள்ளே திரும்பி வரவேண்டும் என்று.

"அது அப்படியேதான இருக்கும்? தினமும் எதுக்கு வர்ற?" என்றேன்.

"காத்து அசைச்சிட்டா?"

நவம்பர் 20

ஆஸ்பத்திரி. ஜொங்மானுக்கு மூக்கும் வாயும் மூடிய முகமூடி. இயந்திரம் காற்றை உள்ளே தள்ளுகிறது. பேச முடியாது. எழுதிக் காட்டவும் அவனுக்குத் தெரியாது. வசந்தத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது வகுப்புக்குப் போயிருக்கலாம்.

ஹேஜுவிடம் முன்னமே போனில் சொல்லியிருந்தேன். இன்றுதான் முகம் பார்க்கிறேன். அவள் நாற்காலியிலிருந்து எழவில்லை. "வாங்க" மட்டும் சொன்னாள். பெரியப்பா என்று சொல்லவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "தோள் ஏறி எறங்கினத நானும் பாத்தேன். எண் நல்லா இருக்குன்னாங்க. கண்ணை நம்பாம எண்ணை நம்பிட்டேன்."

எண்ணைக் கெடுத்தவன் நான். அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்போது டக் என்று சத்தம். ஜொங்மான் விரலால் கட்டில் கம்பியைத் தட்டினான். டக், டக், டக். நிறுத்தி, மறுபடியும் மூன்று.

"என்னமோ கேக்குறாரு, தண்ணியா?" என்றாள் ஹேஜு.

தண்ணீர் இல்லை. குழியின் அடியில் இருந்து, மேலே நின்று கூண்டை இழுக்கும் இயந்திரக்காரனுக்கு நாங்கள் மணி அடித்துத்தான் பேசுவோம். ஒன்று, நிறுத்து. இரண்டு, கீழே இறக்கு. மூன்று, ஆள் ஏறியாச்சு, மேலே தூக்கு.

"வீட்டுக்குப் போகணுங்கறான்மா" என்றேன்.

நான் அவன் கையைப் பிடித்தேன். முகமூடிக்கு மேலே கண் இரண்டும் என்னைத்தான் பார்த்தன. கோபம் இருக்கிறதா என்று தேடினேன். அவன் என் உள்ளங்கையில் ஒருமுறை தட்டினான். ஒன்று என்றால் நிறுத்து. எதை நிறுத்தச் சொன்னான் என்று தெரியவில்லை. என் அழுகையை என்று ஒக்பூன் சொல்கிறாள்.

நவம்பர் 27

ஒக்பூன் ஜொங்மானின் செருப்பைக் கழுவி, காயவைத்து, காகிதத்தில் சுற்றி, அடக்கத்துக்கு வந்த ஹேஜுவிடம் கொடுத்தாள்.

டிசம்பர் 3

வகுப்புக்குப் போகவில்லை.

டிசம்பர் 11

போகவில்லை. ஆசிரியை வீட்டுக்கே வந்தார். ஒக்பூன் முள்ளங்கிச் சூப் கொடுத்து அனுப்பினாள். நான் கம்பளிக்குள் இருந்தேன்.

டிசம்பர் 18

இப்போதெல்லாம் நர்ஸ் யோம் தினமும் காலையில் போன் செய்கிறாள். வேறொன்றும் கேட்பதில்லை. "தாத்தா, யார் கையில இருக்கு?"

"என் கையிலதாம்மா."

"சரி" என்று வைத்துவிடுகிறாள். சரிவில் பட்டை கட்டிய எல்லோரிடமும் அதையேதான் கேட்கிறாளாம். மற்றவர்கள் சிரிக்கிறார்களாம். ஒருவன், "மனைவி கையில இருக்கு, அவதான் எனக்காக மூச்சு விடுறா" என்றானாம். அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. போன மாதம் என்றால் நானும் சிரித்திருப்பேன்.

ஜனவரி 6

ஹேஜுவிடமிருந்து போனில் சேதி. எழுத்தாக. வாசலுக்கு வெளியே எடுத்துப் போய், வெயிலில் நின்று, மூன்று தடவை படித்தேன்.

"பெரியப்பா, வீட்டுச் சாவி பக்கத்துக் கடையில் இருக்கிறது. கிம்ச்சி ஜாடியை நீங்களும் பெரியம்மாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா உப்பு போதாது என்று சொன்னார். சரியாகத்தான் இருக்கும்."

மறுபடி பெரியப்பா என்று எழுதியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லை இன்னும் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது.

பதில் எழுத உட்கார்ந்தேன். மாலை வரைக்கும் எழுதினேன். "சரிம்மா" என்று மட்டும் அனுப்பினேன்.

ஜனவரி 7

ஜாடியைத் திறந்தோம். நன்றாகப் புளித்திருக்கிறது. உப்பு உண்மையிலேயே போதாது.

ஜனவரி 15

வகுப்புக்குப் போனேன். இன்று ஆளுக்கொரு நண்பரின் பெயரை எழுதச் சொன்னார்கள். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எழுதினேன். என் கையெழுத்து முன்னைவிட நன்றாக வந்திருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம் வந்தது. வந்ததும் வெட்கமாகிவிட்டது. இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிப்ரவரி 19

காலையில் அடுப்புக்குக் கரிக்கட்டி எடுத்துவரக் கொட்டகைக்குப் போனேன். திரும்பிப் படியேறும்போது நெஞ்சு அடைத்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் பட்டை சிவந்து கத்தியது. எண்பத்தாறு. என் கையில் முதல் தடவை.

கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றுதான் தோன்றியது. படியேறின களைப்பு, தானாக ஏறிவிடும், ரோட்டில் பனி, அவளை எதற்கு அலைய வைப்பது... ஜொங்மானின் குரலிலேயே எல்லாம் தோன்றியது. ஒக்பூன் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

போனை எடுத்தேன். நர்ஸ் யோம் பேசும் முன் நானே சொன்னேன். "தல்ஹோ பேசுறேம்மா. எண்பத்தாறு. என் கைதான்."

"தெரியும் தாத்தா. கதவத் தெறந்தே வைங்க. வந்துக்கிட்டே இருக்கேன்" என்றாள். இன்று அவள் யார் கையில் என்று கேட்கவில்லை.

அவள் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறாள். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு விடுகிறேன்.

கீழே வண்டிச் சத்தம் கேட்கிறது. ஒக்பூன் என் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள். வாசலுக்குப் போய், குனிந்து, என் செருப்பின் முனையை வீட்டுக்குள் பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறாள்.